வாசகர் கேள்வி: காட்டு டாக்டரைக் கட்டிக்கிட்டா வாழ்க்கை எப்படி இருக்கும்?

தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் தேசிய பூங்காவோட மேற்கு ஓரத்துல ஹூட்ஸ்ப்ரெய்ட்னு ஒரு சின்ன ஊர். அங்க என் வீட்டுக்காரர் காட்டு விலங்குகளுக்கு டாக்டரா இருக்காரு, கிளினிக்கோட போன், கணக்கு, மருந்து ரிஜிஸ்டர் எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம் ஆகி வந்து 14 வருஷம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்க. கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், வந்ததுல பாதிக்கு மேல காதல், கல்யாணம், பிள்ளை வளர்ப்பு பத்திதான். அதனால இந்த தடவை அது மட்டும்.

கேள்வி: அக்கா, டிவி தொடர்ல எல்லாம் பார்த்தா ஆப்பிரிக்கா காட்டுல ஒரு டாக்டர், சாயங்கால சூரியன், ஜீப்ல ரெண்டு பேர், உடனே காதல். நிஜத்துலயும் அப்படித்தானா? (கல்லூரி மாணவி)

சூரியன் நிஜம்தான் தங்கச்சி, அந்த சிவப்பை வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. ஆனா அந்த நேரத்துல நாங்க ஜீப்ல உக்கார்ந்து பார்த்துட்டு இருக்க மாட்டோம், அவர் மறுநாளைக்கு டார்ட் (தூரத்துலருந்து விலங்கு மேல சுடற மயக்க ஊசி) தயார் பண்ணிட்டு இருப்பாரு, நான் பக்கத்துல நிப்பேன். நிக்கறதுதான் என் வேலை. ஏன்னு சொல்றேன்.

பெரிய விலங்குகளை மயக்கறதுக்கு எட்டார்ஃபின்னு ஒரு மருந்து, இங்க எல்லாரும் எம்99னுதான் சொல்லுவாங்க. மார்ஃபினை விட ஆயிரம் மடங்குக்கும் மேல வீரியம். 2 டன் எடை இருக்கிற வெள்ளை காண்டாமிருகத்தை சாய்க்கறதுக்கு 3, 4 மில்லிகிராம் போதும், அது அரை மில்லி கூட வராது. அதே மருந்து கை தவறி மனுஷன் உடம்புல ஏறிடுச்சுன்னா கொஞ்ச நேரத்துலயே மூச்சு நின்னுடும். அதனால தனியா யாரும் அந்த பாட்டிலை திறக்கவே கூடாதுன்னு இருக்கு. பக்கத்துல இன்னொரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு நலாக்சோன்ங்கற முறிவு மருந்து ஊசி போடத் தெரியணும், மூச்சு கொடுக்கத் தெரியணும், ஒரு ஊசியோட விட்டுடாம திரும்பத் திரும்ப போடணும்னும் தெரியணும், ஏன்னா முறிவு மருந்தோட வேகம் சீக்கிரம் குறைஞ்சுடும், எம்99 அவ்வளவு சீக்கிரம் போகாது.

கல்யாணம் ஆகி வந்த முதல் வாரம் அவர் என்னை எங்கயும் சுத்திக் காட்ட கூட்டிட்டு போகல. சமையல் மேசையில ஒரு ஆரஞ்சுப் பழத்தை வச்சு அதுல ஊசி குத்த கத்துக் கொடுத்தாரு. ஆம்ப்யூல் (மருந்து அடைச்ச சின்ன கண்ணாடி குப்பி) கழுத்தை உடைக்கணும், சிரிஞ்சுல ஏத்தணும், குத்தணும். கை நடுங்கி முதல் நாள் மூணு ஆம்ப்யூல் உடைச்சேன் (உள்ள வெறும் தண்ணிதான்). பத்தாவது பழத்துல கை நின்னுச்சு. அப்ப அவர் சொன்னாரு, "இனிமே நான் தைரியமா போவேன்"னு. எனக்கு அவர் மேல காதல் வந்தது அந்த சமையல் மேசையிலதான், ஜீப்ல இல்ல.

கேள்வி: உங்க வீட்டுல சிங்கக்குட்டி, யானைக்குட்டி எல்லாம் பிள்ளைங்க கூட விளையாடுமா? என் பையன் கேக்க சொன்னான். (இல்லத்தரசி)

இல்லம்மா. பெர்மிட் இல்லாம காட்டு விலங்கை வீட்டுல வச்சுக்கறது இங்க சட்டப்படி குத்தம், அது இல்லைன்னாலும் நாங்க வச்சுக்க மாட்டோம். அனாதையா வர்ற குட்டி அதுக்குன்னே இருக்கிற சென்டருக்கு போயிடும், நடுராத்திரி வந்தா விடியற வரைக்கும் எங்க கிளினிக்ல இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரியே பிள்ளைங்களுக்கு மனசு ஒட்டிக்கும், காலையில வண்டி ஏத்தும்போது அழுவாங்க. அழட்டும்னு விட்டுடுவேன்.

உங்க பையனுக்கு ஒரு நிஜ கதை சொல்லுங்க. கென்யாவுல டாஃப்னி ஷெல்ட்ரிக்னு ஒரு அம்மா இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் டேவிட், சாவோ தேசிய பூங்காவோட வார்டன். பால் மறக்காத யானைக்குட்டிக்கு என்ன பால் கொடுக்கறதுன்னு அந்த காலத்துல யாருக்கும் தெரியல, பசும்பால் கொழுப்பு அதுக்கு ஒத்துக்காது, குட்டிங்க வரிசையா செத்துப் போச்சு. வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா கலந்து பார்த்து கடைசியில தேங்காய் எண்ணெய் சேர்த்த பால்தான் ஒத்துக்கும்னு அந்தம்மா கண்டுபிடிச்சாங்க. அந்த பால்ல பிழைச்ச குட்டி பேரு ஆயிஷா. ராத்திரி பகல் அந்தம்மா கூடவே இருந்துச்சு. அப்புறம் சொந்த பொண்ணுக்கு கல்யாணம், போகாம இருக்க முடியுமா, சில நாள் விட்டுட்டு போனாங்க. ஆயிஷா சாப்பிடறதை நிறுத்திடுச்சு. திரும்பி வந்தும் காப்பாத்த முடியல.

பால் சரியா இருந்துச்சு, பார்த்துக்க ஆளும் இருந்துச்சு, அம்மான்னு நினைச்ச அந்த ஒரு ஆள் இல்ல. அதுக்கப்புறம்தான் ஒரு குட்டிக்கு ஒரே ஆள் கூடாது, மாத்தி மாத்தி பல பேர் பார்த்துக்கணும்னு முறை வச்சாங்க. இன்னைக்கும் நைரோபியில அவங்க பேர்ல நடக்கிற டிரஸ்ட்ல காப்பாளர்ங்க ராத்திரி குட்டி கூடவே கொட்டகையில படுத்துப்பாங்க, ஆனா ஆள் மாறிட்டே இருப்பாங்க. டேவிட் 1977ல இறந்துட்டாரு, அதே வருஷம் அவர் பேர்ல அந்தம்மா ஆரம்பிச்ச டிரஸ்ட் அது. 2018ல அவங்களும் போயிட்டாங்க, இப்ப பொண்ணு ஆஞ்சலா நடத்தறாங்க. சொந்த பொண்ணு கல்யாணத்துக்கும் வளர்த்த குட்டிக்கும் நடுவுல அந்தம்மா மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு நான் பல ராத்திரி நினைச்சுப் பார்த்திருக்கேன்.

கேள்வி: அப்போ பிள்ளைங்களோட தினசரி வாழ்க்கை எப்படி? பயமா இருக்காதா? (ரெண்டு குழந்தைங்களோட அம்மா)

பயம் பழகிடும், ஜாக்கிரதை மட்டும் விடக் கூடாது. ஷூ போடறதுக்கு முன்னாடி கவுத்து தட்டணும், தேள் இருக்கும். இருட்டுனா டார்ச் இல்லாம வாசல்படி தாண்டக் கூடாது. இது மலேரியா இருக்கிற பகுதி, மழைக் காலத்துல பிள்ளைக்கு லேசா காய்ச்சல்னா கூட சளி காய்ச்சலா இருக்கும்னு விட்டுட மாட்டோம், அன்னைக்கே ரத்தம் டெஸ்ட். இங்க ஆஃப்ரிகான்ஸ் பேசற பிள்ளைங்க பெரியவங்களை பேர் சொல்லி கூப்பிட மாட்டாங்க, யாரா இருந்தாலும் ஊம், தான்னிதான், நம்ம மாமா அத்தை மாதிரியே. எங்க பிள்ளைங்களும் ஹெலிகாப்டர் பைலட்டை ஊம்னுதான் கூப்பிடுதுங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும்.

பொண்ணுக்கு 12 வயசு. போன வருஷம் ஒரு யானைக்கு ஜிபிஎஸ் காலர் (எங்க இருக்குன்னு காட்டற கழுத்துப் பட்டை) மாட்டறப்ப முதல் தடவையா கூட்டிட்டு போனோம். யானை மயங்கினதும் பக்கவாட்டுல படுக்க வைக்கணும், நெஞ்சு கீழ பட படுத்துச்சுன்னா அதோட எடையே அதை மூச்சு விட விடாது. தும்பிக்கையை நேரா நீட்டி, நுனி மூடிக்காம இருக்க ஒரு சின்ன குச்சியை குறுக்க வைப்பாங்க. பெரிய காதை மடிச்சு கண்ணு மேல போடுவாங்க, வெயில் படாம. காதுல தண்ணி ஊத்திட்டே இருக்கணும், உடம்பு சூடு காது வழியாதான் வெளிய போகும். குச்சியை பார்த்துக்கற வேலை என் பொண்ணுக்கு. தும்பிக்கை நுனிக்கு நேரா உள்ளங்கையை வச்சு ஒவ்வொரு மூச்சா எண்ணணும், நிமிஷத்துக்கு அஞ்சோ ஆறோ வரும். ரெண்டு மூச்சுக்கு நடுவுல இருக்கிற அந்த பத்து செகண்ட்ல அவ முகத்தைப் பார்த்தேன், அவளும் மூச்சை பிடிச்சுட்டு நின்னா. கையில சூடா காத்து பட்டதும்தான் அவளும் விட்டா. அவங்க அப்பா ரத்தம் எடுத்துட்டே "எத்தனை?"ன்னு கேட்டாரு, "அஞ்சு ப்பா"ன்னா. வீட்டுல கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாத பொண்ணு அன்னைக்கு இருவது நிமிஷம் ஒண்ணு விடாம சொன்னா.

கேள்வி: கணவன் மனைவி ரெண்டு பேருமா சேர்ந்து இந்த வேலை பண்ணி பேர் வாங்கினவங்க உண்டா? (ரிட்டயர்டு டீச்சர்)

நிறைய உண்டு ஐயா. எம்99ஐ ஆப்பிரிக்க விலங்குகளுக்கு கொண்டு வந்த முன்னோடிகள்ல ஒருத்தர் டோனி ஹார்தூர்ன், 1960கள்ல இங்க உம்ஃபலோசி சரணாலயத்துல வெள்ளை காண்டாமிருகங்களை பிடிச்சு வேற இடங்களுக்கு அனுப்பி அந்த இனத்தையே காப்பாத்தின வேலையில அவர் மருந்துக்கு பெரிய பங்கு. அவர் மனைவி சூவும் கால்நடை டாக்டர்தான், அவங்க வாழ்க்கையை அடிப்படையா வச்சு அமெரிக்காவுல டிவி தொடரே வந்துச்சு.

எனக்கு அதை விட நெருக்கமா தெரியறது உகாண்டாவோட கிளாடிஸ் கலேமா-ஜிகுசோக்கா. அந்த நாட்டோட முதல் வைல்ட்லைஃப் வெட் (காட்டு விலங்கு டாக்டர்), பெண். 1996ல ப்விண்டி காட்டுல மலை கொரில்லாங்களுக்கு சொறி வந்து முடி கொட்டுச்சு, ஒரு குட்டி செத்துப் போச்சு, பக்கத்து கிராமத்து ஜனங்க துணியிலருந்து பரவி இருக்கணும்னு தெரிய வந்துச்சு. ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்காம கொரில்லாவுக்கு மட்டும் பார்த்து பிரயோஜனம் இல்லைன்னு அவங்களுக்கு அப்பதான் பட்டுச்சு. 2003ல அதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, கூட ஆரம்பிச்சதுல ஒருத்தர் அவங்க வீட்டுக்காரர் லாரன்ஸ். அவர் டாக்டர் இல்ல, தொலைத்தொடர்பு துறைக்காரர். இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ரெண்டு பேரும் ஊசி பிடிக்கணும்னு இல்ல. அவங்க ஆளுங்க கிராமத்துல வீடு வீடா போய் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் பேசறாங்க, கொரில்லாவை காப்பாத்தற வேலையோட ஒரு பகுதி அது.

கேள்வி: உங்க பிள்ளைங்களும் வெட் ஆவாங்களா? இந்தியாவுலருந்து வந்து அங்க படிக்க முடியுமா? (பிளஸ் டூ மாணவர்)

தென்னாப்பிரிக்காவுல வெட் படிப்புக்கு ஒரே இடம்தான், பிரிட்டோரியா யுனிவர்சிட்டியோட ஆன்டர்ஸ்டபோர்ட் கேம்பஸ், 6 வருஷம். ஒரே இடம்ங்கறதால சீட் கிடைக்கறது ரொம்ப கஷ்டம். நம்ம ஊர்லயே பிவிஎஸ்சி முடிச்சுட்டு அப்புறம் வைல்ட்லைஃப் பக்கம் வர்றது நல்ல வழி தம்பி. ஆன்டர்ஸ்டபோர்ட்ல ஆராய்ச்சி நிலையத்தை 1908ல ஆரம்பிச்சவர் ஆர்னால்ட் தைலர், ஸ்விட்சர்லாந்துலருந்து வந்தவர், ஒரு விபத்துல ஒரு கை போயிடுச்சு, ஒத்தக் கையோடதான் இவ்வளவும் பண்ணாரு. அவர் பையன் மேக்ஸ் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951ல நோபல் வாங்கினாரு, பொண்ணு கெர்ட்ரூட் உண்ணிங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி பேர் வாங்கினாங்க. எங்க பையனுக்கு ஹெலிகாப்டர் மேலதான் கண்ணு. பார்ப்போம்.

கேள்வி: சண்டை வருமா? (பேர் வேண்டாம்னு எழுதின வாசகி)

வரும். போன் அடிச்சதும் அவர் கிளம்பிடறதாலதான் வரும். ஒவ்வொரு வருஷமும் காவடிக்கு டர்பன் போகணும்னு நினைப்போம், அவர் குடும்பம் அங்க நாலு தலைமுறையா இருக்கு, 1860லருந்து மதராஸ்ல கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்களே அந்த ஜனங்கள்ல ஒரு வீடு. 14 வருஷத்துல ரெண்டே தடவைதான் போக முடிஞ்சுது. மாமியார் போன்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, "சரிம்மா, அவன் சாப்பிட்டானா"ன்னு மட்டும் கேப்பாங்க, அதுதான் எனக்கு தாங்காது.

கேள்வி: என் பொண்ணு ரிசர்ச்சுக்காக அங்க போன இடத்துல ஒரு வைல்ட்லைஃப் வெட்டை விரும்பறா. பையன் நல்ல பையன்தான், அந்த ஊர்க்காரர். எங்களுக்கு வேலை பத்தியும் பயம், சட்டம் பத்தியும் ஒண்ணும் தெரியல. என்ன கேக்கணும், என்ன பார்க்கணும்? (ஒரு அம்மா)

அம்மா, உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். எங்க அம்மாவும் இப்படித்தான் தூக்கம் இல்லாம இருந்திருப்பாங்க.

முதல்ல, போய் பாருங்க, ஆனா டிசம்பர்ல போகாதீங்க. டிசம்பர்ல பையன் ஓரளவு வீட்டுல இருப்பான், எல்லாம் அழகா தெரியும். ஜூன், ஜூலையில போங்க, இங்க அதுதான் குளிர் காலம். வெயில் காலத்துல விலங்கை துரத்தினா உடம்பு சூடேறி தசையே செத்துப் போயிடும், அன்னைக்கு எழுந்து ஓடின மான் சில நாள் கழிச்சு விழுந்து சாகும், அதனால பிடிக்கற வேலை எல்லாம் குளிர் மாசங்கள்ல. அப்ப காலையில 4 மணிக்கு பக்கில (இங்க பிக்கப் வண்டியை பக்கின்னுதான் சொல்லுவாங்க) கிளம்பினா ராத்திரிதான். அந்த மாசத்துல உங்க பொண்ணு எப்படி இருக்கான்னு பாருங்க, பையன் களைச்சுப் போய் வரும்போது அவகிட்ட எப்படி பேசறான்னு பாருங்க.

வருமானம் பத்தி. இங்க 1991ல ஒரு சட்டம் வந்துச்சு, சரியான வேலி போட்டு வச்சிருக்கற பண்ணைக்காரருக்கு அதுக்குள்ள இருக்கிற காட்டு விலங்கு மேல உரிமை உண்டுன்னு. அதுலருந்து தனியார் பண்ணைங்க பெருகி, டாக்டருங்களுக்கு வேலை கொடுக்கறதுல பெரும்பகுதி அவங்கதான். அதனால குளிர் காலத்துல நல்லா பணம் வரும், கோடையில கம்மி. அதை தெரிஞ்சு செலவு பண்ற வீடா பாருங்க.

சட்டம் ரொம்ப முக்கியம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒப்பந்தம் எதுவும் எழுதலைன்னா தென்னாப்பிரிக்க சட்டப்படி ரெண்டு பேர் சொத்தும் கடனும் தானாவே பொதுவாயிடும். சொந்த கிளினிக் வச்சிருக்கற வெட்டுக்கு வண்டி, மெஷின், மருந்துன்னு கடன் இருக்கும், தொழில்ல ஏதாவது ஆச்சுன்னா உங்க பொண்ணோட சேமிப்பும் அதுல போகும். நோட்டரி முன்னாடி, கல்யாணத்துக்கு முந்தியே எழுதணும். இதைக் கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க, இங்க எல்லாரும் சாதாரணமா பண்றது. கோயில்ல தாலி கட்டினா மட்டும் கல்யாணம் பதிவாகாது, அதிகாரம் உள்ள மேரேஜ் ஆபீசர் முன்னாடி கையெழுத்து போடணும். பையன் வீடு ஜூலு இனமோ சோங்கா இனமோன்னா லோபோலான்னு மாப்பிள்ளை வீட்டுலருந்து பொண்ணு வீட்டுக்கு மாடு கொடுக்கற வழக்கம், இப்ப பல வீட்டுல பணமா கொடுக்கறாங்க. விலைன்னு நினைச்சுடாதீங்க, ரெண்டு வீட்டுப் பெரியவங்க உக்கார்ந்து மரியாதையா பேசி உறவு ஆரம்பிக்கற வழி அது, ஆள் அனுப்பி பேசுவாங்க, நீங்களும் வீட்டுல பெரியவரை உக்கார வைங்க.

கடைசியா பையன்கிட்ட ஒண்ணு கேளுங்க, "நீ மருந்து ஏத்தும்போது பக்கத்துல யார் நிக்கறாங்க?"ன்னு. "நான் பார்த்துப்பேன்"னு சொன்னா எனக்கு அந்த பையன் மேல கவலை. ஒரு பேர் சொன்னா, அந்த ஆளுக்கு எங்க பயிற்சி கொடுத்தேன்னு சொன்னா, நிம்மதியா ஊருக்கு வாங்க.

கேள்வி: கொம்பு வெட்டப்பட்ட காண்டாமிருகத்தை பார்த்துட்டு வர்ற ராத்திரி வீடு எப்படி இருக்கும்? (வங்கி ஊழியர்)

2014ல மட்டும் இந்த நாட்டுல 1,215 காண்டாமிருகத்தை கொம்புக்காக திருட்டு வேட்டைக்காரங்க கொன்னாங்க. அந்த வருஷம் எங்க பையன் கைக்குழந்தை. அவர் ராத்திரி வந்து கை கழுவுவாரு, ரொம்ப நேரம் கழுவுவாரு, குழாய் சத்தம் நிக்கவே நிக்காது. நான் எதுவும் கேக்க மாட்டேன். சாதம் போட்டு வச்சுட்டு குழந்தையை அவர் மடியில வச்சுடுவேன். அப்படி ஒரு ராத்திரி பிள்ளையோட சின்ன சாக்ஸை கையில வச்சுட்டே உக்கார்ந்திருந்தாரு. மயங்கின காண்டாமிருகத்துக்கு சத்தம் கேக்காம இருக்க காதுல அடைக்கறதுக்கு பழைய சாக்ஸ், கண்ணை மூட பழைய டவல், எங்க வீட்டுலருந்து அப்படி எத்தனையோ போயிருக்கு.

ஈஸ்டர்ன் கேப்ல கரீகான்னு ஒரு சரணாலயம். 2012 மார்ச்ல அங்க மூணு காண்டாமிருகத்தை உயிரோட முகத்தை வெட்டி கொம்பை எடுத்துட்டு போனாங்க. பிழைச்சது தாண்டின்னு ஒரு பெண் காண்டாமிருகம் மட்டும், டாக்டர் வில்லியம் ஃபோல்ட்ஸும் மத்தவங்களும் பல ஆபரேஷன் பண்ணாங்க, தோல் எடுத்து ஒட்டினாங்க. 2015 ஜனவரியில அது குட்டி போட்டுச்சு, அதுக்கப்புறமும் போட்டிருக்கு. முதல் குட்டிக்கு தெம்பின்னு பேர் வச்சாங்க, இங்கத்த மொழியில நம்பிக்கைன்னு அர்த்தம். அந்த செய்தி வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பண்ணையிலருந்து எனக்கு போன் பண்ணி சொன்னாரு, சொல்லிட்டு கொஞ்ச நேரம் லைன்லயே இருந்தாரு, ரெண்டு பேரும் பேசல.

கேள்வி: கல்யாண நாளுக்கு அவர் உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பாரு? (புதுசா கல்யாணம் ஆன வாசகி)

இந்த வருஷம் கல்யாண நாள் அன்னைக்கு எருமைங்களுக்கு டிபி டெஸ்ட். காட்டெருமையை வேற பண்ணைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கழுத்து தோல்ல ஊசி போட்டு, மூணு நாள் கழிச்சு திரும்ப அதே எருமையை மயக்கி வீங்கி இருக்கான்னு அளந்து பார்க்கணும். ஊசி போட்ட நாள் எங்க கல்யாண நாளுக்கு முந்தின நாள், அதனால அந்த பண்ணையிலயே தங்கிட்டோம். காலையில மருந்துப் பெட்டியைத் திறந்தேன், உள்ள ஒரு புது சிவப்புப் பை, நலாக்சோன் வைக்கறதுக்கு. மேல மார்க்கர்ல என் பேரை தமிழ்ல எழுதி இருந்தாரு, அவருக்கு தமிழ் எழுத வராது, யார்கிட்டயோ கேட்டு பார்த்து வரைஞ்சிருக்காரு, ஒரு எழுத்துல சுழி மாறி இருந்துச்சு. பழைய பையோட ஜிப் போயிடுச்சுன்னு ஜனவரியிலயே ஒரு தடவை சொல்லி இருந்தேன், அதுக்கப்புறம் நானே மறந்துட்டேன்.